படி, எந்தப் படி?

படி என்று ஒரு தாளில் எழுதிக் காட்டி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டால் பதில் உடனே வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் படிப்பதைச் சொல்லும். கொத்தனார் மாடிப்படியைச் சொல்வார். வயதான பாட்டி அரிசி அளக்கும் படியை நினைப்பார். அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி நினைவுக்கு வரும், சுவடி ஆய்வாளருக்குக் கையெழுத்துப்படி. எல்லாப் பதில்களும் சரிதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூடத் தாளில் இருந்த அந்த இரண்டு எழுத்துகளிலிருந்து கிடைத்ததில்லை. அவரவர் நாள்தோறும் புழங்கும் தொடர்களிலிருந்து கிடைத்தது. தமிழைப் பற்றி இரண்டு குறைகள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பதால் குழப்பம் என்பது ஒன்று. ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது கற்பவருக்கு வீண் சுமை என்பது இன்னொன்று. இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் பிறந்த இடம் ஒன்றே. பொருள் என்பது சொல்லுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணத்தில்தான் இரண்டும் நிற்கின்றன. பொருள் இருப்பது சொல்லின் கூட்டில், அதாவது அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதில். படி என்ற இந்த எளிய சொல்லையும் அதன் ஒருபொருட் சொற்களையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

முதலில் புழக்கத்தைப் பார்ப்போம். "படியில நிக்காதீங்க, மேல ஏறுங்க" என்று கண்டக்டர் சொல்கிறபோது அது பேருந்தின் படிக்கட்டு. "படிக்கு உழக்கு உளுந்து போடு" என்று மாவுக்கு ஊறவைக்கும் மாமியார் சொன்னால் அது முகத்தலளவை. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று கணக்கு. "ரெண்டு ரூபாய் குறைச்சுக் கேட்டேன், படியல" என்று சந்தையிலிருந்து திரும்புகிறவர் சொன்னால் பேரம் முடியவில்லை என்று பொருள். புதிதாக ஏரில் கட்டிய காளை சொன்னபடி கேட்டு நடக்கத் தொடங்கினால் மாடு படிந்துவிட்டது என்பார்கள். அந்தப் பழக்கத்துக்குப் படிமானம் என்று பெயர். எண்ணெய் தடவித் தலையைப் படிய வாருகிறோம். மேசையில் தூசி படிகிறது, ஆற்று வெள்ளம் வடிந்ததும் வண்டல் படிகிறது. நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டுகிறோம். கோயிலில் நித்தியப்படி நடக்கிறது, சந்தனச் சாத்துப்படி பார்க்கப் போகிறோம். நிலைப்படியில் உட்காராதே என்று பிள்ளையை அதட்டுகிறோம். தம்பி அண்ணனைவிட ஒருபடி மேல் என்கிறோம். இழுத்தடித்த கல்யாணம் ஒருபடியாக முடிந்தது என்றும் சொல்கிறோம். முன்னதில் இருக்கும் ஒருபடி உயர்வைக் குறிக்கிறது, பின்னது ஒருவழியாக என்பதைக் குறிக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாலும் கேட்பவர் தடுமாறுவதில்லை. எப்படி, அப்படி, இப்படி, மறுபடி என்று நாம் வாய் திறந்தாலே வந்து விழும் சொற்களின் வாலிலும் இதே படி இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை இந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று எண்ணுவது கடினம். அத்தனை முறையில் "எந்தப் படியைச் சொல்கிறாய்?" என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பதைத்தான் இங்கே முதல் சான்றாக வைக்க வேண்டும்.

யாரும் கேட்காததற்கு ஒரு காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. வினையாக வரும்போது படி இரண்டு வகையாகத் திரிகிறது. தூசி படிந்தது, படிகிறது, படியும் என்பது ஒரு வகை. பிள்ளை படித்தது, படிக்கிறது, படிக்கும் என்பது இன்னொரு வகை. ஏவலாகச் சொல்லும்போது மட்டுமே இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். மற்ற எல்லா இடத்திலும் காலங்காட்டும் எழுத்தே இது எந்தப் படி என்று சொல்லிவிடுகிறது. முடிந்தது முடித்தது, விரிந்தது விரித்தது, இடிந்தது இடித்தது என்று தமிழில் இப்படி எத்தனையோ இணைகள் உண்டு. தானாக நிகழ்வது மெல்லெழுத்தோடும், ஒருவர் நிகழ்த்துவது வல்லெழுத்தோடும் வரும். இதை வைத்து, மனத்தில் படியச் செய்வதே படித்தல் என்று விளக்குவோர் இருக்கிறார்கள். வடமொழியில் ஓதுதலைக் குறிக்கும் வேரோடு இணைப்போரும் இருக்கிறார்கள். நகலைக் குறிக்கும் படிக்கும் இதே வழக்கு உண்டு: பிரதி என்ற வடசொல் பிராகிருதத்தில் படி என்றுதான் ஒலிக்கும். ஆகவே இன்று ஒரே உருவில் நிற்கும் படி, பிறப்பில் ஒன்றா பலவா என்பது அறிஞர்கள் தீர்க்க வேண்டிய கேள்வி. அது எப்படித் தீர்ந்தாலும் புழக்கத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை. வேர் தெரிந்து யாரும் பேரம் பேசுவதில்லை.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும் சிக்கலைத் தொல்காப்பியம் மிகத் தெளிவாக யோசித்து வைத்திருக்கிறது. அதன் கிளவியாக்கப் பகுதி, பல பொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. உடன் வரும் வினை மாறினால் பொருள் தெளிவாகும் சொற்கள் ஒருவகை. வினையைக் கொண்டு பொருளைப் பிரிக்க முடியாதவை மற்றொரு வகை. முதல் வகையில் பொருளைத் தெரிந்துகொள்ள வினை, இனம், சார்பு என்ற மூன்று வழிகளைச் சொல்கிறது. இரண்டாம் வகையில் சொல்பவரே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. உரையாசிரியர்கள் மா என்ற சொல்லை எடுத்துக்காட்டுவார்கள். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றால் மரமும் விழும், விலங்கும் விழும். ஆகவே மாமரம் வீழ்ந்தது என்று சொல்ல வேண்டும். இந்த விதியைப் படியின் மேல் வைத்துப் பார்த்தால் அது இன்றைக்கும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது தெரியும். நூறு படி ஏறினார் என்றால் படிக்கட்டு. நூறு படி அளந்தார் என்றால் நெல். நூறு படி அச்சிட்டார் என்றால் புத்தகம். வினை தெளிவாக்கிவிட்டது. ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று வரிசையாகச் சொன்னால் இனம் தெளிவாக்குகிறது. திருத்தணியில் 365 படி என்றால் ஊரின் பெயரே சார்பாக நின்று தெளிவாக்குகிறது. ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டி அங்கே ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து நடக்கும் படித்திருவிழாவை அறிந்தவருக்கு வேறு நினைப்பே வராது. நூறு படி இருந்தது என்று சொன்னால் மட்டும் மூன்று பொருளும் வந்து நிற்கும். அப்போதுதான் நூறு படி நெல் என்றோ, நூறு படிக்கட்டு என்றோ விரித்துச் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். பல பொருள் உள்ள சொல்லே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எந்த இடத்தில் அது தனியாக நின்று தவிக்கிறதோ அந்த இடத்தில் ஒரு துணைச்சொல் கொடு என்றார்.

குழப்பம் என்று சொல்வோருக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. தமிழில் சிலேடை பாடுவது பெரிய திறமையாகக் கருதப்பட்டது. காளமேகப் புலவரின் புகழில் பெரும்பங்கு இதனால் வந்தது. ஒரே பாட்டு இரண்டு வேறு பொருளுக்கும் பொருந்த வேண்டும் என்றால், எழுவாய், வினை, அடை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகுமாறு தேடித் தேடிக் கோக்க வேண்டும். ஒரு சொல்லை இரண்டு பொருளில் நிற்க வைப்பதற்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது என்றால், சாதாரணப் பேச்சு அதைத் தன்போக்கில் ஒரே பொருளுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது என்றுதானே பொருள்? பல பொருட்சொற்கள் எங்கும் தாமாகவே குழப்பம் விளைவிப்பவை என்றால் சிலேடைக் கவி என்று ஒருவரைக் கொண்டாட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். படி என்பதற்கு இணையாக வாசி, கல், ஓது, பயில் என்று தேர்வு வழிகாட்டி நூல்கள் அடுக்குகின்றன. பட்டியலாகப் பார்த்தால் ஐந்தும் ஒன்று. வாயில் போட்டுப் பார்த்தால் ஒன்றுக்கு மற்றொன்று இடம் கொடுப்பதில்லை. எட்டாவது வரை படித்தார் என்கிறோம், எட்டாவது வரை வாசித்தார் என்று சொல்வதில்லை, கற்றார் என்பதும் ஒட்டவில்லை. நீச்சல் கற்றுக்கொண்டான் என்கிறோம், நீச்சல் படித்தான் என்றால் நீச்சல் பற்றிய பாடத்தை ஏதோ தேர்வுக்காகப் படித்ததுபோல் இருக்கிறது. டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லலாம், டாக்டருக்குக் கற்கிறாள் என்று சொல்ல முடியாது. வானொலியில் செய்திகள் வாசிப்பது இன்னார் என்று அறிவிப்பார்கள். செய்தி படிப்பது வீட்டில் காப்பியோடு நாளிதழை விரிக்கும் நாம். முன்னது பிறர் கேட்க உரக்கச் சொல்வது, பின்னது தனக்குத் தானே. வீணை, நாதசுரம் இவற்றோடு வாசி சேரும். அங்கே படி நுழைய முடியாது. ஆனால் பாட்டோடு படி சேரும்: தென்மாவட்டங்களில் பாட்டுப் படிக்கிறாள் என்றால் அவள் பாடுகிறாள் என்று பொருள், புத்தகம் கையில் இருக்க வேண்டியதில்லை. படித்தவர் என்றால் பட்டம் பெற்றவர், கற்றவர் என்றால் அறிவு முதிர்ந்தவர். படித்தவரெல்லாம் கற்றவரா என்ற கேள்வி தமிழில் எழ முடிவதே இந்த இரண்டு சொற்களும் தனித்தனியாக இருப்பதால்தான். வள்ளுவர் அதிகாரங்களுக்கு வைத்த பெயர்கள் கல்வி, கல்லாமை. பள்ளிச் சான்றிதழ் பேச்சு வந்தால் நாம் எடுப்பது படிப்பு என்ற சொல்லை.

வழிபாட்டு இடங்களில் இந்தப் பிரிவினை இன்னும் நுட்பமாக நடந்திருக்கிறது. சிவன் கோயிலில் தேவாரம் பாடுகிறவர் ஓதுவார். தமிழ் முஸ்லிம்கள் குர்ஆன் ஓதுகிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் முதல் வாசகம், இரண்டாம் வாசகம் என்று வாசிக்கப்படுகிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். ஐந்து இடத்திலும் எழுதி வைத்த நூலிலிருந்து உரக்கச் சொல்லுதல் என்ற ஒரே செயல்தான் நடக்கிறது. ஆயினும் ஓது என்பதில் மனப்பாடமும் புனிதமும் ஏறியிருக்கின்றன. வாசி என்பதில் எழுத்தைப் பார்த்து ஒப்பிக்கும் தெளிவு இருக்கிறது. படி என்பதில் கதையும் இராகமும் கேட்போர் கூட்டமும் இருக்கின்றன. பாரதம் ஓதினார்கள் என்று சொல்லிப் பாருங்கள், வேறொரு சடங்கு கண்முன் வரும்.

நாடு மாறினாலும் கூட்டு மாறுகிறது. இலங்கைத் தமிழில் படி என்பது பெரும்பாலும் பள்ளிப் பாடத்தோடு நிற்கிறது. பேப்பரும் கதைப்புத்தகமும் வாசிப்பதற்கு உரியவை. ஊருக்கு ஊர் இருந்த படிக்கும் அறையின் பெயர் அங்கே வாசிகசாலை. தமிழ்நாட்டில் திராவிட இயக்கத்தார் தெருமுனைகளில் நாளிதழ்கள் போட்டு நடத்திய இடங்களுக்குப் படிப்பகம் என்று பெயர் வைத்தார்கள். அதே ஊரில் அரசு நடத்துவது நூலகம். படிப்பகம், வாசிகசாலை, நூலகம் மூன்றையும் அகராதி ஒரே வரியில் வைத்துவிடலாம். ஆனால் படிப்பகம் என்றதும் அரசியல் பேச்சும் பெஞ்சும் நினைவுக்கு வருகின்றன, நூலகம் என்றதும் அடுக்குகளும் உறுப்பினர் அட்டையும். இலங்கையில் ஆசிரியர் படிப்பிக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பாடம் நடத்துகிறார், சொல்லித்தருகிறார். எழுத்தில் மட்டும் கற்பிக்கிறார். படிப்பிக்கிறார் என்பது இலக்கணப்படி குற்றமற்ற, அழகான தமிழ். அது இந்தப் பக்கம் வழக்கில் இல்லை என்பதற்காக அதைப் பிழை என்று திருத்துவோர் சொல்லைப் பார்க்கிறார்கள், அது வாழும் ஊரைப் பார்ப்பதில்லை.

நகலுக்கு உள்ள சொற்களும் இப்படியே வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. படி, பிரதி, நகல் மூன்றும் அகராதியில் ஒன்று. தாலுகா அலுவலகத்தில் கேட்பது நகல். சான்றிதழின் நகலை இணைக்கவும் என்றுதான் படிவத்தில் இருக்கும். புத்தகம் ஆயிரம் பிரதிகள் விற்றது. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதியது கையெழுத்துப்படி. சுவடிப் பதிப்பில் மூலப்படி, ஒப்பிட்ட படிகள் என்று பேசுவார்கள். தெருக்கடையில் ஜெராக்ஸ் போதும். இங்கே தூயதமிழ் ஆர்வலர்களின் மறுப்பு ஒன்று உண்டு. நகல் அரபு வழி உருதுவில் வந்தது, பிரதி வடமொழி. இரண்டையும் தள்ளிவிட்டுப் படி என்ற ஒன்றையே எங்கும் வழங்கலாமே என்பார்கள். தமிழ்ச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவரும் அந்த அக்கறை மதிக்கத் தக்கது. அதனால் நல்ல சொற்கள் பல நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் நூல் ஆயிரம் படிகள் அச்சிடப்பட்டது என்பது இன்று எளிதாக ஒலிப்பதற்குக் காரணம், அச்சு என்ற துணைச்சொல்லோடு அதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழக்கியவர்கள் இருந்ததுதான். சான்றிதழின் படி என்று படிவத்தில் எழுதினால், சான்றிதழின்படி என்று படித்து, அதில் சொல்லியிருப்பதற்கு ஏற்ப என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. எனவே மாற்றுவதானால் சொல்லை மட்டும் மாற்றி வைத்துவிட்டு நகர முடியாது. அது வந்து உட்காரும் தொடரையும் சேர்த்துக் கட்டித்தர வேண்டும். அப்படிக் கட்டித்தரப்பட்ட சொற்கள் நின்றன.

அளவையாக இருந்த படியின் கதை, பொருள் எங்கே குடியிருக்கிறது என்பதை மிக நன்றாகக் காட்டுகிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறும்; சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி என்று பேர் சொல்லித்தான் அளப்பார்கள். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான் இருந்தது. ஆட்சிக்கு வந்ததும் முதலில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கினார்கள். கிலோ கணக்கு சட்டத்தில் இருந்தது, பசியின் கணக்கு படியில் இருந்தது. இன்று ரேஷன் கடையில் கிலோதான். பித்தளைப் படி பல வீடுகளில் கல்யாணத்துக்கும் நிறைநாழி வைப்பதற்கும் மட்டுமே பரணிலிருந்து இறங்குகிறது. நாழி என்ற பழைய பெயரும் அந்த ஒரு தொடரில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது. அளவை போன பிறகும் படியளக்கிறவன் என்றால் சோறு போடுகிறவன், கடவுள். மார்கழி அஷ்டமியன்று மதுரையில் சப்பரம் வரும் வழியெங்கும் அரிசி தூவி, எல்லா உயிர்க்கும் படியளந்ததைக் கொண்டாடுகிறார்கள். கோயில் ஊழியருக்கும் பூசைக்கும் நாள்தோறும் அளந்து கொடுத்தது படித்தரம். தானியமாகக் கொடுத்தது காசாக மாறியபோதும் பெயர் மாறவில்லை: பயணப்படி, வீட்டு வாடகைப்படி, பஞ்சப்படி. பஞ்சப்படியை அரசாணைகள் அகவிலைப்படி என்கின்றன. மாறியது முன்பாதி மட்டும், படி அப்படியே இருக்கிறது. இலட்சத்தில் சம்பளம் வாங்குகிறவரும் படி வாங்குகிறார். மேலே வரும் வருமானத்துக்கு வரும்படி என்று பெயர். அவரை வரும்படி சொன்னேன் என்பதில் உள்ள வரும்படிக்கும் இதற்கும் எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. ஆனால் வரும்படி உண்டா என்று கேட்டால் எந்தத் தமிழரும் பணத்தைத்தான் நினைக்கிறார்.

அறிவியலுக்கும் சட்டத்துக்கும் இது ஒத்துவருமா, அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற கண்டிப்பு வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு துறைக்குள் ஒரு சொல் ஒரு பொருளைத்தான் குறிக்க வேண்டும். ஆனால் மொழி முழுவதற்கும் அப்படி ஒரு சட்டம் போட வேண்டியதில்லை என்பதைக் கலைச்சொல் ஆக்கியவர்களே காட்டிவிட்டார்கள். கணிதத்தில் பல்லுறுப்புக் கோவையின் படி என்று ஒரு சொல் வைத்தார்கள். இருபடிச் சமன்பாடு, முப்படிச் சமன்பாடு என்று பள்ளிப் பாடநூலில் இருக்கிறது. புவியியலில் படிவுப் பாறை இருக்கிறது. ஏற்கெனவே இத்தனை சுமை தாங்கும் சொல்லின் தலையில் இன்னும் இரண்டைத் தூக்கி வைத்தார்கள். இருபடிச் சமன்பாட்டைப் பார்த்து அரிசி அளவை என்று எண்ணிய மாணவர் இருக்க முடியாது, ஏனென்றால் அங்கே படி தனியாக இல்லை, இரு என்பதும் சமன்பாடு என்பதும் இருபுறமும் காவல் நிற்கின்றன. ஏறி ஏறிச் செல்லும் அடுக்கு என்ற பழைய உணர்வு புதிய சொல்லை மனத்தில் நிறுத்தவும் உதவுகிறது. புத்தம் புதிதாக ஒரு சொல்லைச் செய்திருந்தால் அந்த உதவி கிடைத்திருக்காது.

உண்மையிலேயே இடறும் இடங்களும் இருக்கின்றன, அவற்றை மறைப்பதில் பயனில்லை. பெயரெச்சத்தோடு படி சேரும்போது இரண்டு பொருள் வரும். சிரித்தபடி வந்தாள் என்றால் சிரித்துக்கொண்டே வந்தாள். சொன்னபடி செய்தார் என்றால் சொன்னதை அப்படியே செய்தார். இப்போது, அவர் சொன்னபடி நடந்தார் என்று எழுதுங்கள். வாக்குத் தவறாமல் ஒழுகினார் என்றும் கொள்ளலாம், ஏதோ சொல்லிக்கொண்டே கால் நடையாகப் போனார் என்றும் கொள்ளலாம். நடந்தார் என்பதற்கும் இரண்டு பொருள் இருப்பதால் வினை இங்கே காப்பாற்றவில்லை. வேறொருவர் சொன்னதற்கு இவர் கட்டுப்பட்டார் என்ற மூன்றாவது பொருளும் எட்டிப் பார்க்கிறது. நாளிதழில் ஒரு வழக்குச் செய்தியில் இந்தத் தொடர் வந்தால் பொருளே கவிழ்ந்துவிடும். தீர்வும் பக்கத்திலேயே இருக்கிறது, அதுவும் ஒருபொருட் சொற்களின் உருவில். சொல்லிக்கொண்டே நடந்தார் என்று எழுதலாம், சொன்னதுபோலவே நடந்துகொண்டார் என்று எழுதலாம், அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டார் என்று எழுதலாம். வீண் சுமை என்று ஒதுக்கப்பட்ட அந்த இணைச்சொற்கள் இல்லாவிட்டால் இந்தத் தொடரை மீட்க வழியே இல்லை. இடம் விட்டு எழுதுவதும் அதே அளவு முக்கியம். அவர் சொன்னபடி வழுக்கியது என்றால் முன்பே எச்சரித்திருந்தார். அவர் சொன்ன படி வழுக்கியது என்றால் குறிப்பிட்ட ஒரு படிக்கட்டு. பேச்சில் குரலின் இடைவெளி இதைப் பார்த்துக்கொள்கிறது, எழுத்தில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரிகைகளும் பதிப்பகங்களும் இதில் காட்டும் அலட்சியம் வருத்தம் தருகிறது. சேர்த்தும் பிரித்தும் கண்டபடி அச்சிட்டுவிட்டு, தமிழில் பொருள் மயக்கம் அதிகம் என்று மொழியின்மேல் பழி போடுவது நியாயமாகாது. கணினி மொழிபெயர்ப்பும் இன்று சொல்லைத் தனியாகப் பெயர்க்காமல் அக்கம்பக்கச் சொற்களைக் கணக்கில் எடுத்துத்தான் பொருள் கொள்கிறது. அக்கம்பக்கத்தை நாம் சரியாக எழுதிக்கொடுத்தால் அதற்கும் வழி தெரியும்.

பட்டியலாகச் சொல் கற்கும் பழக்கம் நமக்கு நிகண்டுகளிலிருந்து வந்தது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் ஒருசொல் பலபொருளுக்கு என்றே ஒரு தொகுதி இருக்கிறது. வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் தொகுத்த சதுரகராதியில், பெயர் என்ற பகுதி ஒரு சொல்லின் பல பொருளையும், பொருள் என்ற பகுதி ஒரு பொருளின் பல சொற்களையும் தந்தது. நிகண்டு செய்யுளை மனப்பாடம் செய்த மாணவர் அதோடு நிற்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அடுத்து அவர் இலக்கியங்களைப் பாடம் கேட்டார். சொல்லின் கூட்டு அங்கே கிடைத்தது. படி என்பதற்கு நிலம் என்ற பொருளை அவர் நிகண்டில் மனப்பாடம் செய்து, பாட்டில் எதிர்ப்பட்டபோது அறிந்துகொண்டார். இன்றைய தேர்வு வழிகாட்டி முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பொருளுக்குப் பொருள் வாக்கியம் கொடுத்து அந்தக் குறையைப் போக்க முயன்றது. அந்த வழி வகுப்பறைக்குள் இன்னும் சரியாக வரவில்லை. படி என்பதற்கு எதிரே வாசி என்று எழுத வைத்து ஒரு மதிப்பெண் போடுவதைவிட, விலை, தூசி, பாட்டு, வீணை, பேப்பர், மாடு என்று ஆறு சொற்களைக் கொடுத்து, எதோடு படிந்தது வரும், எதோடு படித்தாள் வரும், எதோடு வாசித்தாள் வரும் என்று சேர்த்து எழுதச் சொல்லலாம். அகராதி இல்லாமலே பிள்ளைகள் செய்துவிடுவார்கள், வீட்டில் கேட்ட தமிழ் அவர்களுக்குத் துணை நிற்கும். பேப்பருக்கு மதுரைப் பிள்ளை படித்தாள் என்று எழுதும், யாழ்ப்பாணத்துப் பிள்ளை வாசித்தாள் என்று எழுதும். இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட வேண்டும்.